ஓய்வுபெற்ற பேஸ்பால் வீரருக்குக் கொங்கு நாட்டிலிருந்து கடிதம் எழுதுவது எப்படி

கால் ரிப்கென் ஜூனியர் பால்டிமோர் ஓரியோல்ஸ் என்ற ஒரே அமெரிக்க பேஸ்பால் அணிக்காக 21 சீசன் ஆடியவர். 1982 மே 30 முதல் 1998 செப்டம்பர் 19 வரை 2,632 ஆட்டங்களில் ஒன்றைக்கூட அவர் தவறவிடவில்லை. ஆட்டம் முடிந்த பிறகும் வேலியோரம் நின்று, ரசிகர்கள் நீட்டியதிலெல்லாம் பொறுமையாகக் கையெழுத்துப் போட்டவர் என்ற பெயரும் அவருக்கு உண்டு. அப்படி ஒருவருக்குத் தபாலில் கடிதம் எழுதி, கூடவே ஒரு சின்ன அட்டை வைத்துக் கையெழுத்துக் கேட்பது அமெரிக்காவில் பல தலைமுறையாக நடக்கிற பழக்கம். கோவையிலோ கோபியிலோ இருந்துகொண்டும் இதைச் செய்யலாம்.

செலவு பெரிதாக ஆகாது. ஆனால் நம் ஊர்ப் பழக்கத்தில் இயல்பாகச் செய்கிற சில காரியங்கள் அங்கே கடிதத்தையே கவிழ்த்துவிடும். மூலையில் மஞ்சள் தடவுவது, தேதியை எழுதும் விதம், ‘மரியாதைக்குரிய ஐயா’ என்று ஆரம்பிப்பது எல்லாம் அந்த வகை. இந்தக் குறிப்பு ரிப்கெனை வைத்து எழுதப்பட்டிருக்கிறது. வேறு யாருக்கு எழுதினாலும் முறை இதுதான்.

முதலிலேயே ஒன்று. ஓய்வுபெற்ற பெரிய வீரர்கள் பலர் இப்போது கட்டண நிகழ்ச்சிகளில் மட்டுமே கையெழுத்துப் போடுகிறார்கள். சிலர் தபாலில் வருவதற்குப் போடுவார்கள், சிலர் பாதியில் நிறுத்திவிடுவார்கள். அதனால் நன்றி சொல்வதற்காக எழுதுங்கள். கையெழுத்து வந்தால் லாபம்.

யாருக்கு, எந்த முகவரிக்கு

எழுதப் போகிறவர் உயிரோடு இருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். கேட்கவே ஒரு மாதிரி இருக்கும், ஆனால் இதில் தவறுகிறவர்கள் நிறைய. பழைய பட்டியல்களில் இன்னமும் ஹாங்க் ஆரன், புரூக்ஸ் ராபின்சன், வில்லி மேஸ் பெயரெல்லாம் இருக்கும். ஆரன் 2021 ஜனவரியிலும், ராபின்சன் 2023 செப்டம்பரிலும், மேஸ் 2024 ஜூனிலும் காலமானார்கள். துக்க வீட்டுக்குக் கையெழுத்துக் கேட்டுக் கடிதம் போவது அழகல்ல.

வீட்டு முகவரியைத் தேடாதீர்கள். இணையத்தில் காசு கொடுத்தால் கிடைக்கும், ஆனாலும் வேண்டாம். அறிமுகமில்லாத ஊரிலிருந்து வீட்டு வாசலுக்குக் கடிதம் வந்தால் எப்பேர்ப்பட்ட பெரிய மனுசருக்கும் சங்கடமாகத்தான் இருக்கும். அவர் ஆடிய அணியின் அலுவலகம், அவர் பெயரில் நடக்கும் அறக்கட்டளை, இவை போதும். ஓரியோல்ஸ் அணிக்கு எழுதுவதானால் மைதானத்தின் முகவரிதான்: ஓரியோல் பார்க் அட் கேம்டன் யார்ட்ஸ், 333 வெஸ்ட் கேம்டன் ஸ்ட்ரீட், பால்டிமோர், மேரிலாந்து 21201. ரிப்கென் குடும்பம் 2001இல் தொடங்கிய கால் ரிப்கென் சீனியர் அறக்கட்டளை, அவருடைய அப்பாவின் பெயரில் சிறுவர்களுக்காக வேலை செய்கிறது. அதன் முகவரியை அவர்களுடைய தளத்தில் அன்றைக்கே பார்த்து எழுதுங்கள். யாரோ ஐந்து வருசத்துக்கு முன் எழுதி வைத்ததை நம்ப வேண்டாம், அலுவலகங்கள் இடம் மாறும்.

அணிக்கு அனுப்பினால் அவர்கள் அவரிடம் சேர்ப்பார்கள் என்று உறுதி சொல்ல முடியாது. சேர்த்தாலும் மாதக்கணக்கில் ஆகலாம்.

கடிதத்தின் உயிர்: ஒரே ஒரு ஆட்டம்

இந்தக் குறிப்பில் மற்றதெல்லாம் தபால் வேலை. இந்தப் பகுதியில் மட்டும் நேரம் செலவழியுங்கள்.

‘நீங்கள் மகத்தான வீரர், உங்களைப் போல் இனி ஒருவர் பிறக்கப் போவதில்லை’ என்று எழுதினால், பெயரை மாற்றி யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பலாம். அந்த மனிதர் நாற்பது வருசமாக இதையே படித்துக்கொண்டிருக்கிறார். ஒரு ஆட்டம், அதில் ஒரு கணம், அதில் நீங்கள் கவனித்த ஒன்று, அதை எழுதினால் போதும். அவர் சீசனுக்கு 162 ஆட்டம் ஆடியவர். அதில் ஒன்றை இங்கே உடுமலையில் ஒருவர் ஞாபகம் வைத்திருக்கிறார் என்பதைவிடப் பெரிய புகழ்ச்சி கிடையாது.

ரிப்கெனுக்கு எழுதுகிறவர்கள் எல்லோரும் 1995 செப்டம்பர் 6ஐத்தான் எடுப்பார்கள். லூ கெரிக் 1939 வரை ஆடிய 2,130 தொடர் ஆட்டங்கள் என்ற சாதனையை ரிப்கென் தாண்டிய இரவு அது. எடுக்கலாம், தப்பில்லை, ஆனால் விவரம் சரியாக இருக்க வேண்டும். அன்றைக்கு அவர் ஆடியது 2,131வது ஆட்டம். 2,130 என்பது முந்தின நாள் சமன் செய்த எண். எதிரணி கலிபோர்னியா ஏஞ்சல்ஸ். பேஸ்பாலில் ஒரு ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ். நாலாவது இன்னிங்சில் அவர் ஒரு ஹோம் ரன் (நம் கிரிக்கெட் சிக்சர் மாதிரி வேலியைத் தாண்டும் அடி) அடித்தார். ஐந்தாவது இன்னிங்சின் பாதியில், இனி பாதியில் நின்றாலும் முழு ஆட்டமாகவே எண்ணப்படும் என்ற கட்டம் வந்து ஆட்டம் கணக்கில் சேர்ந்ததும், மைதானத்தை ஒட்டிய பழைய ரயில்வே கிடங்கின் சுவரில் தொங்கிய எண் 2131 ஆக மாறியது. கைதட்டல் 22 நிமிடம் நிற்கவில்லை. பாபி போனியா, ரஃபேல் பால்மெய்ரோ என்ற இரண்டு சக வீரர்கள் அவரைப் பிடித்து வெளியே தள்ள, மைதானத்தைச் சுற்றி வந்து வேலியோரம் நின்றவர்களுக்குக் கை கொடுத்தார். முந்தின வருசம் வீரர்களின் வேலை நிறுத்தத்தால், சீசன் முடிவில் கோப்பைக்காக நடக்கும் உலகத் தொடரே நடக்காமல் போய், ரசிகர்கள் விளையாட்டின் மேலேயே கோபமாக இருந்த நேரம் அது. அந்த ஒரு சுற்று ஏன் இவ்வளவு பேசப்படுகிறது என்பது அதைச் சேர்த்துச் சொன்னால்தான் புரியும்.

ஆனால் எங்களைக் கேட்டால், அதிகம் பேர் எழுதாத கணத்தை எடுங்கள் என்போம்.

1983 அக்டோபர் 16. பிலடெல்பியாவில் உலகத் தொடரின் ஐந்தாவது ஆட்டம். கடைசி அவுட், கேரி மேடக்ஸ் அடித்த தாழ்வான நேர்ப் பந்து, ஷார்ட்ஸ்டாப்பில் நின்ற ரிப்கென் கையில் விழுந்தது. ஓடுகிறவர் தொட வேண்டிய இடங்கள்தான் பேஸ். இரண்டாவது பேசுக்கும் மூன்றாவது பேசுக்கும் நடுவில் நிற்பவர் ஷார்ட்ஸ்டாப். அந்த இடத்துக்கு ஆறடி நாலங்குல ஆள் சரிப்பட மாட்டார் என்று எல்லோரும் நினைத்த காலத்தில் அங்கே நின்றவர் இவர்.

1987 செப்டம்பர் 14, டொரொன்டோ. தொடர்ந்து 8,243 இன்னிங்ஸ் வெளியே வராமல் ஆடியவரை அன்றைக்கு வெளியே எடுத்தவர் அணியின் மேலாளர். அந்த மேலாளர் அவருடைய அப்பா. ஓரியோல்ஸ் 18-3 என்று தோற்ற ஆட்டம் அது. ஆட்டங்களின் தொடர் உடையவில்லை, இன்னிங்ஸ்களின் தொடர்தான் உடைந்தது. இந்த இரண்டையும் குழப்பி ‘2,632 ஆட்டத்திலும் ஒரு இன்னிங்ஸ்கூட விடவில்லை’ என்று எழுதுகிறவர்கள் ஏராளம். எழுதினால், நீங்கள் எங்கேயோ பார்த்து எழுதியது என்று முதல் வரியிலேயே தெரிந்துவிடும்.

1998 செப்டம்பர் 20. யாரும் கேட்காமல், ஆட்டம் தொடங்குவதற்குச் சற்று முன் அவரே போய் ‘இன்றைக்கு நான் ஆடவில்லை’ என்று மேலாளரிடம் சொன்னார். மூன்றாவது பேசில் புதுப் பையன் ரயன் மைனர் வந்து நின்றான். முதல் அவுட் ஆனதும் எதிரணியான நியூயார்க் யாங்கீஸ் வீரர்கள் தங்கள் இருப்பிடத்தின் படியில் வந்து நின்று தொப்பியைக் கழற்றி மரியாதை செய்தார்கள்.

2001 ஜூலை 10, சியாட்டில், எல்லா அணிகளிலிருந்தும் தேர்வான நட்சத்திர வீரர்கள் ஆடும் ஆல்-ஸ்டார் ஆட்டம். அப்போது ரிப்கென் மூன்றாவது பேசுக்கு மாறியிருந்தார். ஷார்ட்ஸ்டாப் இடத்துக்குத் தேர்வானவர் அலெக்ஸ் ரோட்ரிகஸ். அவர் முதல் இன்னிங்சுக்குத் தன் இடத்தை விட்டுக் கொடுத்து, ரிப்கெனைப் பழைய இடத்தில் கட்டாயமாக நிற்க வைத்தார். மூன்றாவது இன்னிங்சில் ரிப்கென் ஹோம் ரன் அடித்தார், ஆட்ட நாயகனும் அவரே.

கடைசி ஆட்டம் 2001 அக்டோபர் 6. ஒன்பதாவது இன்னிங்சின் கடைசி அவுட் விழும்போது அடுத்த ஆளாக மட்டையோடு காத்துக்கொண்டு நின்றவர் ரிப்கென். கடைசியாக ஒருமுறை ஆட வாய்ப்பு வரவில்லை. எங்களுக்கு இதுதான் பிடித்தது, ஆனால் இதை அவருக்கு ஞாபகப்படுத்துவதா என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

தேதியை எழுதும்போது மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். நாம் 6-9-1995 என்று எழுதினால் அங்கே ஜூன் 9 என்று படிப்பார்கள். அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லையே என்று குழம்புவார்கள்.

நடை

ஆங்கிலத்தில், கையால், ஒரே பக்கத்தில். 120 முதல் 150 சொல்லுக்குள் முடியுங்கள். வயதானவர் கண்ணாடியைத் தேடி எடுத்துப் படிக்க ஒரு நிமிடம் ஆகலாம், அதற்கு மேல் ஆகக் கூடாது. எழுத்து சற்றுப் பெரிதாகவே இருக்கட்டும், வரிக்கு வரி இடைவெளி விடுங்கள்.

விளிப்பில்தான் நமக்குச் சிக்கல். இங்கே முன்பின் தெரியாத பெரியவரிடம் பேசினால் ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் ஒரு ‘ங்க’ தானாக வந்துவிடும். ‘வாங்க’, ‘சொல்லுங்க’, ‘சரிங்க’. ஆங்கிலத்தில் அதற்கு இடமில்லை. அதை ஈடுகட்ட ‘ரெஸ்பெக்டட் சார்’, ‘கைண்ட்லி’, ‘ஹம்பிள் ரிக்வெஸ்ட்’ என்று அடுக்கினால் மூன்று நாள் லீவுக்கு விண்ணப்பம் போட்ட மாதிரி ஆகிவிடும். ‘டியர் மிஸ்டர் ரிப்கென்’ போதும், முழு மரியாதை அதிலேயே அடங்கிவிட்டது. ஊரே ‘கால்’ என்று கூப்பிட்டாலும் நீங்கள் அப்படி எழுத வேண்டாம்.

உள்ளடக்கம் இந்த அளவுக்கு இருக்கலாம் (இதை ஆங்கிலத்தில் உங்கள் சொற்களில் எழுதிக்கொள்ளுங்கள்):

“நான் தென்னிந்தியாவில், பஞ்சாலைகளுக்குப் பெயர்போன கோயம்புத்தூரிலிருந்து எழுதுகிறேன். இங்கே எல்லோரும் கிரிக்கெட் பார்ப்பவர்கள். 1998 செப்டம்பர் 20 ஆட்டத்தின் பதிவைப் பார்த்தேன். யாங்கீஸ் வீரர்கள் படியில் வந்து நின்றபோது நீங்கள் வெளியே வந்து தொப்பியைத் தொட்டு வணங்கிவிட்டு உள்ளே போய்விட்டீர்கள். அந்த இடம் அன்றைக்கு ரயன் மைனருக்கு உரியது என்று நீங்கள் நினைத்ததாக எனக்குத் தோன்றியது. நான் நினைத்தது தவறாகவும் இருக்கலாம். நேரம் இருந்தால் இத்துடன் உள்ள அட்டையில் கையெழுத்திட்டு அனுப்பினால் மகிழ்வேன். இயலாவிட்டால் பரவாயில்லை, இந்தக் கடிதம் உங்களை வந்து சேர்ந்தாலே போதும். நன்றி.”

கடைசியில் ஒரு வரி தமிழில் ‘மிக்க நன்றிங்க’ என்று எழுதி, பக்கத்தில் அதன் பொருளை ஆங்கிலத்தில் எழுதலாம். சிலர் அந்த வரிக்காகவே கடிதத்தை எடுத்து வைப்பார்கள்.

உடம்புக்கு முடியாத சொந்தக்காரர், பிறந்தநாள் கொண்டாடும் குழந்தை என்று இல்லாத கதையைச் சேர்க்காதீர்கள். அப்படி வருகிற கடிதங்களை அவர்களும் அவர்கள் அலுவலகத்தில் இருப்பவர்களும் தூரத்திலிருந்தே அடையாளம் காண்பார்கள்.

பெயரையும் யோசித்து எழுதுங்கள். ‘இன்னாருக்கு’ என்று உங்கள் பெயரைச் சேர்த்துக் கேட்பது நல்லது, விற்பதற்குக் கேட்கவில்லை என்பது அதிலேயே தெரியும். ஆனால் இனிஷியலோடு, மூன்று அங்குல அட்டையில் ‘கே. எஸ். பொன்னுசாமிக் கவுண்டர்’ என்று எழுதச் சொன்னால் கையெழுத்துக்கு இடமே இருக்காது. வீட்டில் கூப்பிடும் சின்னப் பெயரைப் பெரிய ஆங்கில எழுத்தில் ஒரு துண்டுத் தாளில் எழுதி அட்டையோடு வையுங்கள். பின் அடிக்காதீர்கள், கிளிப்பும் வேண்டாம். இரண்டும் வழியில் துருப்பிடித்து அட்டையில் கோடு போடும்.

அட்டை

வீரர் படம் அச்சிட்டு விற்கும் பேஸ்பால் அட்டைகள் 2½ × 3½ அங்குலம், கையெழுத்துக்குப் பெரும்பாலோர் அனுப்புவது அதுதான். நமக்கு அது வேண்டாம். இறக்குமதி செய்து வாங்க வேண்டும், போனால் போனதுதான். குறிப்பாக டாப்ஸ் என்ற அட்டை நிறுவனம் 1982இல் போட்ட ரிப்கெனின் முதல் அட்டை விலை அதிகம். அதில் அவரோடு பாப் பானர், ஜெஃப் ஷ்னைடர் என இன்னும் இரண்டு பேர் இருப்பார்கள். அதைத் தபாலில் அனுப்பவே கூடாது.

அச்சுக் கடையில் 300 ஜிஎஸ்எம் வெள்ளை அட்டை, பளபளப்பில்லாதது, கேட்டு வாங்கி 3 × 5 அங்குலமாக வெட்டிக்கொள்ளுங்கள். ஒன்று ஏறத்தாழ 3 கிராம் வரும். திருப்பூர், ஈரோட்டுப் பக்கம் அச்சகங்களில் வெட்டுமிச்சம் சும்மாவே கொடுப்பார்கள். இரண்டு அட்டை வையுங்கள், ஒன்று கையெழுத்துக்கு, மற்றது பிசகினால் வேண்டுமே என்று. இரண்டுக்கு மேல் வைத்தால் வியாபாரி என்று நினைப்பார்கள்.

பளபளப்பான அட்டையில் மை பிடிக்காமல் முத்து முத்தாகத் திரண்டு நிற்கும், விரல் பட்டால் இழுத்துக்கொள்ளும். கையில் அதுதான் இருக்கிறது என்றால் மேல்புறத்தை மென்மையான ரப்பரால் லேசாகத் தேய்த்துவிட்டு அனுப்புங்கள். பவுடர் போட்டுத் தேய்க்கும் முறையையும் சிலர் சொல்வார்கள், வெளிநாட்டுத் தபாலில் அது கூடவே கூடாது.

ஏனென்றால், 2001இல் ஆந்த்ராக்ஸ் கிருமித் தூளைக் கடிதங்களில் வைத்து அனுப்பி ஐந்து பேர் இறந்ததிலிருந்து, உறையிலிருந்து எந்தத் தூள் உதிர்ந்தாலும் அங்கே பயந்துபோவார்கள். நம் பழக்கம் எப்படி? நல்ல காரியத்துக்குப் போகிற கடிதம் என்றால் நாலு மூலையிலும் மஞ்சள். கோயிலுக்குப் போய் வந்தால் உள்ளே ஒரு பொட்டலம் விபூதி, குங்குமம். பழனியாண்டவர் பிரசாதமே ஆனாலும் இந்த உறைக்குள் வைக்காதீர்கள். விதை, பஞ்சு, உலர்ந்த பூ, மண் எதுவும் வேண்டாம், வேளாண் சோதனையில் மாட்டும். ரூபாய் நோட்டும் வேண்டாம். பேனாவையும் வைக்காதீர்கள், உறை புடைக்கும், கசியும். அங்கே பேனா இருக்கிறது.

அட்டை வளையாமல் இருக்க உள்ளே ஒரு தாங்கு அட்டை தேவை. அதற்கு வீட்டில் குவிந்து கிடக்கும் பழைய கல்யாணப் பத்திரிகையைவிட நல்லது கிடையாது. 15 × 9 சென்டிமீட்டருக்கு ஒரு துண்டு வெட்டினால் 4 கிராம் வரும். வெட்டும்போது இரண்டு விஷயம். மூலையில் மஞ்சள் பட்ட இடத்தை வெட்டி எறிந்துவிடுங்கள், காற்றில் ஈரம் ஏறினால் அந்த மஞ்சள் வெள்ளை அட்டைக்கு இறங்கிவிடும். ஜிகினா, தங்கத்தூள் அச்சடித்த பக்கத்தைக் கையெழுத்து அட்டைக்கு எதிரே வைக்காதீர்கள், உதிர்ந்து மையில் ஒட்டும். பின்பக்கம் வெறுமையாக இருக்கும் பத்திரிகையைப் பார்த்து எடுங்கள். கனத்த அட்டைப்பெட்டித் துண்டைப் போடாதீர்கள். உறை வளையாமல் விறைத்து நின்றால் அமெரிக்கத் தபால் இயந்திரத்தில் ஓடாது, கூடுதல் கட்டணம் கேட்பார்கள். தடிமன் 6 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது.

பந்தில் கையெழுத்துக் கேட்கலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். பந்தே 142 முதல் 149 கிராம், அது பார்சல். 2018 ஜனவரியிலிருந்து அமெரிக்காவிலிருந்து வெளிநாட்டுக்குச் சாதாரணக் கடிதக் கட்டணத்தில் ஆவணங்கள் மட்டுமே போக முடியும், பொருள் போகாது. இங்கே வந்து சேரும்போது சுங்க வரி வேறு. ஒரு பெரியவரைத் தபால் நிலையத்தில் வரிசையில் நிற்க வைத்துப் படிவம் நிரப்பச் சொல்வது ரசிகர் செய்கிற வேலையா?

திரும்பி வர உறை

பலர் கோட்டை விடுவது இங்கேதான். திருப்பி அனுப்பும் உறையில் இந்தியத் தபால்தலை ஒட்டி அனுப்புவார்கள். அமெரிக்காவிலிருந்து கிளம்பும் கடிதத்துக்கு அமெரிக்கத் தபால்தலை வேண்டும். நம் தலை அங்கே செல்லாது.

கேட்க வேண்டியது ‘குளோபல் ஃபாரெவர்’ என்ற வட்டமான தபால்தலை. ஒன்று ஒட்டினால் ஒரு அவுன்ஸ், அதாவது 28 கிராம் வரை எந்த நாட்டுக்கும் கடிதம் போகும். விலை ஏறினாலும் முன்பு வாங்கியது செல்லும், அதனால் ஒரு முறைக்குப் பத்தாக வாங்கி வைத்துக்கொள்ளலாம். எப்படி வாங்குவது? பொள்ளாச்சியிலோ பெருந்துறையிலோ தெருவுக்கு ஒரு வீட்டிலாவது டெக்சாசிலோ நியூஜெர்சியிலோ ஒரு பிள்ளை இருக்கும். லீவுக்கு வரும்போது சாக்லெட்டோடு ஒரு தாள் தபால்தலையும் வாங்கி வரச் சொல்லுங்கள்.

உறை 11 × 22 சென்டிமீட்டர் அளவு, நீள உறை. உள்ளே போகும் உறையை மூன்றாக மடித்து வையுங்கள். எடைக் கணக்கு: திரும்பும்போது உறை 5, அட்டை 3, தாங்கு 4, மொத்தம் 12 கிராம், ஒரு தலை தாராளம். போகும்போது வெளியுறை, 80 ஜிஎஸ்எம் ஏ4 தாள் 5 கிராம், உள்ளுறை, இரண்டு அட்டை, தாங்கு எல்லாம் சேர்ந்து 25 கிராம் பக்கம் வரும். முதல் 20 கிராமைத் தாண்டுகிறது என்பதை மறந்து வீட்டிலேயே தலை ஒட்டிவிட்டால் கட்டணம் குறைந்துபோகும். மளிகைத் தராசு இந்த அளவுக்குச் சொல்லாது, தபால் நிலையத்தில் எடை போட்டபின் ஒட்டுங்கள்.

திரும்பும் உறையின் நடுவில் உங்கள் முகவரி ஆங்கிலத்தில், அச்செழுத்தில், கடைசி வரியில் பின்கோடும் அதற்குக் கீழே தனியாக ‘இந்தியா’வும். வெளியுறையில் நடுவில் அவர் முகவரி, இடது மேல் மூலையில் உங்களுடையது சின்னதாக. இரண்டு முகவரியையும் ஒரே அளவில் எழுதினால் இயந்திரம் குழம்பி உங்கள் கடிதத்தை உங்களுக்கே அனுப்பி வைக்கும்.

தோட்டத்துச் சாளையில் குடியிருப்பவர்கள் ஒன்று கவனியுங்கள். ‘கிழக்காலத் தோட்டம்’ என்று எழுதினால் உள்ளூர் தபால்காரருக்குத் தெரியும். அவர் லீவு என்றால் மாற்றாள் தேடி அலைவார். எட்டு மாதம் கழித்து வருகிற ஒரே ஒரு உறைக்காக அந்தத் துணிச்சல் வேண்டாம். டவுனில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டையோ கடையையோ கொடுத்து, கைபேசி எண்ணையும் எழுதுங்கள்.

போடுவது, காத்திருப்பது

கோவை, ஈரோடு போன்ற தலைமை அஞ்சலகக் கவுண்டரில் நேரில் கொடுங்கள், தெருப்பெட்டியில் போடாதீர்கள். சாதாரண ஏர்மெயில் போதும். ஸ்பீட் போஸ்ட் போன்று வாங்குகிறவர் கையெழுத்துப் போட்டு வாங்க வேண்டிய வகை வேண்டாம். அவருக்கு அது தொந்தரவு, யாரும் வாங்காவிட்டால் கடிதம் திரும்பிவிடும். அழகான சிறப்புத் தபால்தலை இருந்தால் கேட்டு ஒட்டுங்கள். அங்கே உறையைப் பிரிப்பவர் அதைப் பார்த்தாவது எடுத்து வைப்பார்.

ஜூலைக் கடைசியில் கூப்பர்ஸ்டவுன் என்ற ஊரில், பெரிய வீரர்களைச் சேர்த்துக் கௌரவிக்கும் பேஸ்பால் புகழ் மண்டப விழா நடக்கும், 2007இல் ரிப்கென் டோனி குவினோடு சேர்ந்து அங்கே இடம் பெற்றார். பழைய வீரர்கள் பலரும் அந்த வாரம் அங்கே இருப்பார்கள். அந்த நேரத்தில் போய்ச் சேராத மாதிரி அனுப்புங்கள். ஒரு நோட்டில் தேதி, முகவரி, என்ன வைத்தீர்கள் என்று குறித்துக்கொண்டு மறந்துவிடுங்கள். ஆறு மாதம் சாதாரணம், ஒரு வருசமும் ஆகும். நினைவூட்டல் கடிதம் போடாதீர்கள்.

வந்தபின்

உறையின் குறுகிய ஓரத்தைக் கத்தரியால் வெட்டிப் பிரியுங்கள். தபால் முத்திரையோடு உறையையும் வைத்துக்கொள்ளுங்கள், அட்டையின் பிறப்புச் சான்று அதுதான்.

கையெழுத்தை ஒரு பூதக்கண்ணாடியில் பாருங்கள். கையால் போட்டதில் அழுத்தம் ஏறி இறங்கும், வளைவில் மை கூடும், முடிவில் வால் மெலியும். ஒரே சீராக நடுங்காமல், தொடக்கத்திலும் முடிவிலும் புள்ளியாக நின்றால் இயந்திரம் போட்டதாக இருக்கலாம். அதே வீரரின் இரண்டு கையெழுத்து ஒன்றன்மேல் ஒன்று வைத்தால் அப்படியே பொருந்துகிறதா? மனிதக் கை அப்படிப் போடாது. படிக்க முடியாமல் கிறுக்கலாக இருப்பது மட்டும் போலிக்கு அடையாளமல்ல, நிறையப் பேர் அப்படித்தான் போடுவார்கள். 573 ஹோம் ரன் அடித்த ஹார்மன் கில்லிப்ரூ அந்தப் பழக்கத்தைப் பொறுத்துக்கொள்ளாதவர். இளம் வீரர்களைக் கூப்பிட்டு, எழுத்து எழுத்தாகப் படிக்கிற மாதிரி கையெழுத்துப் போடச் சொல்லிக் கொடுத்தார். அவர் 2011இல் இறந்தபின்னும் மின்னசோட்டா வீரர்கள் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

லேமினேஷன் கடைப் பக்கமே போகாதீர்கள். ரேஷன் கார்டுக்குச் செய்வதுபோல் இதற்கும் செய்துவிட வேண்டும் என்று கை துறுதுறுக்கும். அந்தச் சூட்டில் மை பரவும், பசை காகிதத்துக்குள் இறங்கும், பிறகு எடுக்கவே முடியாது. பாலிப்ராபிலீன் உறை வாங்குங்கள். ஸ்டேஷனரிக் கடையில் கிடைக்கும் மெதுமெதுப்பான, பிளாஸ்டிக் வாசம் அடிக்கும் பிவிசி ஆல்பம் வேண்டாம், அதிலுள்ள எண்ணெய்த்தன்மை சில வருசத்தில் மையைப் பிடித்து இழுத்துக்கொள்ளும். சட்டம் போட்டால் கண்ணாடி அட்டையைத் தொடாதபடி இடையில் அட்டை விளிம்பு வைத்து, வெயில் படாத சுவரில் மாட்டுங்கள். நீல மை வெயிலில் சீக்கிரம் வெளுக்கும். வால்பாறை, பொள்ளாச்சிப் பக்கம் ஈரக்காற்று அதிகம், டப்பாவில் இரண்டு சிலிகா ஜெல் பொட்டலம் போட்டு மழைக்காலத்துக்கு முன் மாற்றுங்கள். ராமபாணத்துக்குப் பயந்து அந்துருண்டை போடாதீர்கள், அதன் ஆவி சில பிளாஸ்டிக்கை இளக வைக்கும். வேப்பிலையும் அட்டையைத் தொட்டால் கறைதான்.

ஒரு வாரத்துக்குள் நன்றி அட்டை போடுங்கள். ஒரு தபால் அட்டை போதும், கோனியம்மன் கோயில் தேரோ பேரூர்க் கோபுரமோ படம் போட்டது கிடைத்தால் நல்லது. மூன்று வரி: வந்து சேர்ந்தது, எந்தத் தேதியில் வந்தது, வீட்டில் எங்கே வைத்திருக்கிறோம். இந்த முறை திரும்பி வரும் உறை எதுவும் வைக்காதீர்கள்.